மேசைக்கு வெளியே ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர்

சேலையூரில் விமானச் சத்தம் கேட்டால் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தாம்பரம் விமானப்படை நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது பயிற்சி விமானம் ஒன்று கடந்தால், வாக்கியத்தை அரை நொடி நிறுத்திவிட்டுத் தொடர்வது இங்கே ஆசிரியர்களுக்குப் பழக்கம். பேருந்தில் 'கேம்ப் ரோடு' என்று சீட்டு வாங்கி இறங்குகிறோம். எந்தக் கேம்ப், யாருடைய கேம்ப் என்று கேட்பதில்லை. போரும் படையும் நம் அன்றாடத்துக்குள் இப்படித்தான் இருக்கின்றன, பெயராகவும் சத்தமாகவும்.

அப்படி ஒரு மதியத்தில் முதுகலை மாணவி ஒருவர் தன் குறிப்பேட்டோடு வந்தார். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். பன்னாட்டு உறவுகள் என்ற தலைப்பின் கீழ் யதார்த்தவாதம், தாராளவாதம், அதிகாரச் சமநிலை, தேசிய நலன் என்று ஒரு பட்டியல். "எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு மேடம். ஆனா இதுல எங்க பாட்டி எங்க இருக்காங்கன்னுதான் தெரியல" என்றார். அவருடைய பாட்டி இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர். கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டு, நீலகிரியில் மறுபடியும் கொழுந்து பறித்து, 'சிலோன்காரங்க' என்ற பெயரோடு இறந்தவர்.

நான் தமிழ் படித்தவள். அரசறிவியல் என் துறை அல்ல. ஆனாலும் அந்தக் கேள்வியை 'அது வேற சப்ஜெக்ட்மா' என்று தள்ளிவிட முடியவில்லை. இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல முயன்ற பதில்.

தாம்பரம், 1938

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தின் நெரிசலிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. மறு ஆண்டு டிசம்பரில் அந்தப் புதிய வளாகத்தில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு நடந்தது. ஏறத்தாழ 470 பேர், உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். மாநாடு சீனாவில் நடப்பதாகத்தான் முதலில் திட்டம். ஜப்பான் சீனாவின்மீது படையெடுத்ததால் இடம் மாறித் தாம்பரத்துக்கு வந்தது. ஆக, ஒரு போரின் காரணமாகத்தான் உலகம் நம் தெருவுக்கு வந்தது.

சீனக் குழுவின் தலைவர் ஒரு பெண். பெயர் வூ யீஃபாங். நான்ஜிங் நகரிலிருந்த ஜின்லிங் பெண்கள் கல்லூரியின் தலைவர் அவர். தாம்பரம் மாநாட்டுக்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1937 டிசம்பரில், ஜப்பானியப் படை நான்ஜிங்கைப் பிடித்தது. நகரமெங்கும் படுகொலையும் பாலியல் வன்முறையும் நடந்த அந்த வாரங்களில், ஜின்லிங் கல்லூரி வளாகம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புகலிடமானது. அங்கே தங்கியிருந்த மின்னி வாட்ரின் என்ற அமெரிக்க ஆசிரியை வாசலில் நின்று படைவீரர்களைத் தடுத்தார். கல்லூரியின் பெரும்பகுதி மேற்குச் சீனாவுக்கு இடம் பெயர்ந்தது. அதை நடத்திக்கொண்டிருந்தவர்தான் தாம்பரம் வந்தார். ஜப்பானிலிருந்து வந்தவர்களில் அமைதிவாதியாக அறியப்பட்ட ககாவா டொயோஹிகோவும் ஒருவர். போரிட்டுக்கொண்டிருந்த இரு நாடுகளின் மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1945 ஜூன் 26 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனம் கையெழுத்தானபோது, கையெழுத்திட்டவர்களில் பெண்கள் நான்கு பேர் மட்டுமே. அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ், பிரேசிலின் பெர்த்தா லுட்ஸ், டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, நான்காவதாக வூ யீஃபாங். சாசனத்தில் ஆண், பெண் இருவருக்கும் சம உரிமை என்று வெளிப்படையாக எழுதவைப்பதற்கு லுட்ஸும் பெர்னார்டினோவும் சண்டையிட வேண்டியிருந்தது. அந்த நால்வரில் ஒருவர் சேலையூருக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறார் என்பதை நம் பள்ளிப் பாடங்கள் எதுவும் சொன்னதில்லை.

பன்னாட்டு உறவுகள் தனிப் படிப்பாக உருவானதும் இதே காலத்தில்தான். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித்தில் இதற்கென முதல் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. இப்படி ஒரு போர் இனி வரக்கூடாது என்பதுதான் நோக்கம். நாடுகள் கூடிப் பேசினால், சட்டங்களும் மன்றங்களும் வாணிபமும் அவற்றைப் பிணைத்தால், போரைத் தவிர்க்கலாம் என்ற நம்பிக்கையைத் தாராளவாதம் என்கிறோம். 1939இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் இ. எச். கார் 'இருபதாண்டு நெருக்கடி' என்ற நூலில் இந்த நம்பிக்கையைக் கடுமையாக விமர்சித்தார். அதிகாரத்தைக் கணக்கில் எடுக்காத நல்லெண்ணம் வெறும் கனவு என்றார். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற யூதரான ஹான்ஸ் மார்கெந்தாவ், 1948இல் இதை ஒரு முழுக் கோட்பாடாக்கினார். நாடுகளுக்கு மேல் ஓர் அரசு இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அதிகாரத்தின் மொழியில் அமைந்த தேசிய நலனே அரசியலின் திசைகாட்டி. இதுதான் யதார்த்தவாதத்தின் சாரம்.

ஔவையார் பார்த்த ஆயுதக்கிடங்கு

தமிழ் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று தோன்றலாம். அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போன கதை நமக்குத் தெரியும். தகடூரிலிருந்து தொண்டைநாட்டுக்கு, அதாவது நாம் வாழும் இதே நிலப்பகுதிக்கு, ஒரு பெண் தூது வந்திருக்கிறார். புறநானூற்றின் 95ஆம் பாடல் அந்தச் சந்தர்ப்பத்தைச் சொல்கிறது. தொண்டைமான் தன் ஆயுதக்கிடங்கைக் காட்டுகிறான். அலங்கரித்து, நெய் பூசி, காவலிட்டு வைத்த புத்தம்புதிய ஆயுதங்கள். ஔவையார் அவற்றைப் புகழ்வதுபோலப் பேசி, அதியமானின் ஆயுதங்களோ போரில் முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்பவனுக்குச் செய்தி புரிந்துவிடும்.

இன்றைய பாடநூல் இதை அச்சுறுத்தித் தடுத்தல் என்று சொல்லும். அதற்கு அடியிலிருக்கும் சிக்கலை 1950இல் ஜான் ஹெர்ஸ் பாதுகாப்புச் சிக்கல் என்று பெயரிட்டு விளக்கினார். நான் பயத்தினால் வேல் செய்கிறேன். பக்கத்து நாட்டுக்காரன் அதைத் தாக்குதலுக்கான ஆயத்தமாக எடுத்துக்கொண்டு இரண்டு வேல் செய்கிறான். நான் நான்கு செய்கிறேன். யாரும் போரை விரும்பாமலேயே இருவரும் போரை நெருங்குகிறார்கள். ஆயுதக்கிடங்கைக் காட்டுகிற மன்னனும், உடைந்த வேலைச் சொல்லிக் காட்டுகிற தூதரும் இந்தச் சுழலுக்குள்தான் நிற்கிறார்கள்.

ஔவையாரைப் பெருமையோடு சொல்கிறோம். அதே புறநானூற்றில் மகட்பாற்காஞ்சிப் பாடல்கள் இருக்கின்றன. வேந்தன் பெண் கேட்கிறான், தந்தை மறுக்கிறான், ஊர் அழியப்போகிறது. இந்தப் பாடல்களில் அந்தப் பெண்ணின் அழகு வருகிறது, அவளால் ஊருக்கு வரும் கேடு வருகிறது, தந்தையின் மானம் வருகிறது. அவள் என்ன நினைத்தாள் என்பது வருவதில்லை. பாரி இறந்த பிறகு அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போகிறார், இருவரும் மறுக்கிறார்கள். பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாடல் இருக்கிறது. நாட்டை இழந்ததைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள். தங்களுக்கு மணம் பேசப்பட்டதைப் பற்றி அவர்கள் குரலில் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆக, அவையில் ஒரு பெண் தூதராக நிற்பதும், அதே உலகத்தில் பெண்கள் உடன்படிக்கையின் பொருளாக இருப்பதும் ஒரே காலத்தில் நடக்கக்கூடியவை. ஔவையார் பேசியது அதியமானின் அதிகாரத்துக்காக. இதை மனதில் வைத்துக்கொண்டு 1964க்கு வரலாம்.

புதுதில்லி, 1964

இலங்கை 1948 பிப்ரவரியில் விடுதலை பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளியினரான ஏழு லட்சத்துக்கும் அதிகமான தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டத்தை ஒரு பெண்ணாகப் படித்துப் பாருங்கள். வம்சாவளியால் குடிமகனாக வேண்டுமானால் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை. மூன்று தலைமுறைப் பெண்கள் அதே லயத்தில் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்து, அதே மண்ணில் புதைக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பிறப்புகளுக்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்பில்லை. மறு ஆண்டு வாக்குரிமையும் போனது.

நவம்பர் 15க்குப் பிறகு 25 நாட்களில், டிசம்பர் 10 அன்று, ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது அதன் 15ஆம் பிரிவு. அதன் முதல் பிரிவில் 'ஆண்கள்' என்று பொருள்படும்படி இருந்த சொல்லை 'மனிதர்கள்' என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. தாராளவாதத்தின் மிக அழகான ஆவணங்களில் ஒன்று அது. ஆனால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பிரட்டுக் களத்தில் நின்ற பெண்ணுக்கு அதைக் காட்டி முறையிட ஓர் அலுவலகம் இல்லை. உரிமையை நிறைவேற்ற ஓர் அரசு வேண்டும். அவளுடைய பிரச்சினையே அவளை எந்த அரசும் தன்னவள் என்று சொல்லவில்லை என்பதுதான்.

1964 அக்டோபர் 30 அன்று புதுதில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்யப்படும். காலக்கெடு 15 ஆண்டுகள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களின் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, பயனில்லை. பிறகு விண்ணப்பங்கள் வாங்கப்பட்டபோது, இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் தொகை 5,25,000ஐ எட்டவே இல்லை. மக்களின் விருப்பமும் ஒப்பந்தத்தின் கணக்கும் பொருந்தவில்லை.

மாணவியின் பட்டியலை இப்போது இதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

யதார்த்தவாதம் இதை எளிதாக விளக்கும். 1962இல் சீனாவுடனான போரில் இந்தியா அடிபட்டிருந்தது. அண்டை நாடுகளின் நட்பு தேவைப்பட்டது. இலங்கைத் தோட்டத் தமிழர்கள் இலங்கையின் பொறுப்பு என்ற நிலையில் இருந்த நேரு 1964 மே மாதம் மறைந்தார். புதிய பிரதமருக்குத் தெற்கில் ஒரு தலைவலி குறைய வேண்டியிருந்தது. இலங்கை அரசுக்கோ சிங்களப் பெரும்பான்மையிடம் காட்ட ஒரு வெற்றி வேண்டியிருந்தது. இரு தரப்பின் தேசிய நலனும் ஓரிடத்தில் சந்தித்தன.

தாராளவாதம் இதை ஒத்துழைப்பின் வெற்றி என்றே சொல்லக்கூடும். துப்பாக்கி இல்லாமல், இரு ஜனநாயக நாடுகள் பேசித் தீர்த்த சிக்கல், எழுத்தில் உள்ள கால அட்டவணை, நடைமுறைப்படுத்தும் ஏற்பாடு.

1990களில் வலுப்பெற்ற கட்டமைப்புவாதம் வேறொன்றைக் கேட்கும். நாடுகளின் நலனும் பகையும் இயற்கையில் கிடைப்பவை அல்ல, பழக்கத்தாலும் பெயரிடுதலாலும் உருவாக்கப்படுபவை என்பது அலெக்சாண்டர் வென்ட் போன்றவர்களின் வாதம். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று தனித்தனிக் கட்டங்கள் வந்தன. காலனிய அதிகாரி போட்ட கட்டம், அரை நூற்றாண்டில் ஒரு பெண்ணைப் பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவளாக்கியது. இந்தியாவுக்கு வந்ததும் அவளே 'சிலோன்காரி' ஆனாள். இரண்டு கரையிலும் அவளுக்குக் கிடைத்தது அடுத்த கரையின் பெயர்.

மூன்று விளக்கங்களும் உதவுகின்றன. மூன்றிலும் பாட்டி இல்லை.

பாட்டி எங்கே?

1988இல் ஆன் டிக்னர் மார்கெந்தாவின் கோட்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுவாசிப்புச் செய்தார். புறவயமானது என்று சொல்லப்படும் அந்த 'மனித இயல்பு' ஆணின் அனுபவத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதிகாரம் என்றால் அடக்குவது மட்டும்தானா, சேர்ந்து செயல்படும் ஆற்றலும் அதிகாரம் இல்லையா என்று கேட்டார். மறு ஆண்டு சிந்தியா என்லோ, தூதரகங்கள், படைத்தளங்கள், வாழைத் தோட்டங்கள் என்று எல்லா இடங்களிலும் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போனார். உலக அரசியல் பெண்களின் மலிவான உழைப்பின்மீதும் மௌனத்தின்மீதும் நிற்கிறது என்று காட்டினார்.

அந்தக் கேள்வியோடு 1964க்குத் திரும்பினால், முதலில் கண்ணில் படுவது மேசையில் இருந்த பெண். சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமர். அவர் கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவந்த 1960 தேர்தலில் மலையகப் பெண்களில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. மீதமிருந்த 1,50,000 பேரின் விதியை 1974இல் முடிவு செய்தவர்கள் சிறிமாவோவும் இந்திரா காந்தியும். ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரு பக்கமும் பெண்கள் அமர்ந்திருந்த மேசை அது. பெண்களை நாற்காலியில் அமர்த்தினால் மட்டும் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாற்காலி முக்கியம்தான், வூ யீஃபாங்கும் லுட்ஸும் இல்லாமல் போயிருந்தால் சாசனம் இன்னும் குறைபட்டதாக இருந்திருக்கும். ஆனால் தேசிய நலன் என்ற கணக்கை யார் போட்டாலும், அந்தக் கணக்கின் முறை மாறாதவரை விடை ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

இரண்டாவதாகக் கண்ணில் படுவது உழைப்பு. 1960களில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கும் மேல் தேயிலையிலிருந்து வந்தது. அந்தக் கொழுந்தைப் பறித்த விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. விடியுமுன் பிரட்டுக்குப் போய், கூடையைத் தலைப்பட்டியில் மாட்டி, மழையிலும் அட்டையிலும் மலை ஏறி, எடை குறைந்தால் அரைப்பேர் வாங்கி, மாலையில் லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டியவர்கள். 1984 வரை அவர்களின் நாட்கூலி ஆண்களுடையதைவிடக் குறைவாகவே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டியவளே அந்த நாட்டுக்கு அந்நியளாக எண்ணப்பட்டாள்.

இவர்கள் பேசாமல் இருந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். விடுதலைக்கு முன்பே, தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் நிலைபற்றிப் பாட்டுகள் கட்டி, தோட்டம் தோட்டமாகக் கூட்டங்களில் பாடினார். படிக்கத் தெரியாதவர்களையும் அரசியல் எட்டியது அந்தப் பாட்டுகளின் வழியாக. ராஜதந்திர வரலாறு எழுதுபவர்கள் பாட்டுப் புத்தகங்களை ஆவணமாகக் கொள்வதில்லை. தமிழ் படித்த நாம் அந்தத் தவறைச் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவதாக, ஒப்பந்த வாசகத்திலேயே பாட்டி இருக்கிறார். 5,25,000 பேரும் அவர்களின் 'இயற்கைப் பெருக்கமும்' இந்தியாவுக்கு அனுப்பப்படுவர் என்று அது சொல்கிறது. இயற்கைப் பெருக்கம் என்றால் அந்த ஆண்டுகளில் பிறக்கப்போகும் குழந்தைகள். பெண்களின் கருவும் பேறும், இரவெல்லாம் விழித்த தாலாட்டும் இரண்டு அரசுகளின் மொழியில் ஒரு கணக்குத் திருத்தம். எங்கே என்று கேட்ட இடத்தில், அந்த ஒரு தொடருக்குள், எல்லாத் தாய்களும் அடைபட்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டே மாதத்தில், டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. இறங்கியவர்கள் மண்டபம் முகாம் வழியாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் இவர்களுக்கென்றே அரசு தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. போர் மூண்டு 1984இல் கப்பல் நிற்கும்வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். அங்கேயே நின்று, அதுவரை நாடற்றவர்களாகவே இருந்தவர்களுக்கு 2003இல் இலங்கை ஒரு சட்டம் இயற்றிக் குடியுரிமை தந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் என்று அந்தச் சட்டம் ஒப்பந்த நாளையே அளவுகோலாக வைத்தது. ஒரு நாள் நடந்த கையெழுத்திலிருந்து மீள அந்த மக்களுக்கு 39 ஆண்டுகள் ஆயின.

இதையெல்லாம் மாணவியிடம் சொல்லி முடித்தபோது, தேர்வுக்கு இது உதவாது என்று நானே சொன்னேன். தேர்வில் யதார்த்தவாதத்தின் கூறுகளை எழுதச் சொன்னால் அவற்றை எழுதத்தான் வேண்டும். ஆனால் எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் சில கேள்விகளைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்றேன். யாரை எண்ணினார்கள்? எண்ணப்பட்டவர்களைக் கேட்டார்களா? பிறப்பு யார் வழியில் கணக்கிடப்பட்டது? யாருடைய உழைப்பு 'நாட்டின் வருவாய்' என்ற பெயருக்குள் மறைந்தது?

ஒரு வாரம் கழித்து வந்தார். வீட்டில் பழைய குடும்ப அட்டை இருக்கிறதாம். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயர். பாட்டி படத்தில் இருக்கிறார், முக்காடு போட்டு, கேமராவைப் பார்க்காமல். விண்ணப்பம் போட்டதற்கும் கப்பல் ஏறியதற்கும் இடையே அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஒன்று லயத்திலேயே இறந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டு அந்த இரண்டு பெயர்களையும் குறிப்பேட்டில், தேசிய நலன் என்ற தலைப்புக்கு எதிர்ப்பக்கத்தில், எழுதி வைத்திருந்தார்.